கீழே கிடப்பதைக் கொண்டு

புளியங்குச்சியைக் கரியாக்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. விரலைவிட மெல்லிய குச்சிகளாகப் பொறுக்கி, பட்டையை உரித்து, காலி பால் பவுடர் டின்னில் நெருக்கமாக அடுக்க வேண்டும். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை. விளிம்பைச் சுற்றிக் களிமண் பூச்சு. பிறகு டின் விறகடுப்புக்குள் போகும். துளை வழியே முதலில் வெள்ளைப் புகை வரும், அப்புறம் மஞ்சளாகும், அப்புறம் நின்றுவிடும். நின்ற பிறகும் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. சூடு ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டுக் கங்காகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகிவிடும். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் திறந்தால் உள்ளே கன்னங்கரேலென்று குச்சிகள், ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கும். ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள் துணியின் மேல் முதல் கோட்டை இந்தக் கரியால்தான் போடுகிறார்கள். துணியைத் தட்டினால் கோடு உதிர்ந்துவிடும், அது அவர்களுக்கு வசதி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் செங்கல்பட்டில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் எங்களுக்கு அவர் மாஸ்டர்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில், மாமல்லபுரத்துக்குப் போய் வரையும் சிறு கூட்டம் ஒன்றை அவர் நடத்திக்கொண்டிருந்தார். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் படித்த ஒரு பையன், கல்பாக்கத்துப் பக்கமிருந்து வரும் தையல்கார அக்கா, எந்த வாரம் வருவார் என்று சொல்ல முடியாத ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், நான். நான் அப்போது சென்னையில் ஒரு வார இதழில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். பென்சில் என் தொழில் ஆயுதம். ஹெச்பியிலிருந்து 6பி வரை சீவி வைத்த பெட்டியோடு முதல் வாரம் போய் இறங்கினேன். மாஸ்டர் அதை வாங்கித் திறந்து பார்த்தார். "நல்லா சீவியிருக்கே தம்பி" என்று மெச்சிவிட்டு மூடித் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் வாங்கிக்கோ."

அவருடைய சட்டம் எளிமையானது. காகிதம் மட்டும் வீட்டிலிருந்து வரலாம். மற்றதெல்லாம் கீழே கிடக்க வேண்டும். செடியிலிருந்து பறிக்கக் கூடாது, மரத்தில் ஒடிக்கக் கூடாது, கடையில் வாங்கக் கூடாது. கரி மட்டும் விலக்கு. வாரத்துக்கு ஒருவர் வீட்டில் சுட்டுக் கொண்டுவரலாம், ஆனால் அந்தக் குச்சியும் தானாக விழுந்ததாக இருக்க வேண்டும். டீக்கடைக்காரர் கொட்டிய டீத்தூள் சண்டை என்னால்தான் கிளம்பியது. அது கீழே கிடந்ததா, கடையில் வாங்கியதா? நீண்ட விவாதத்துக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. கொட்டியது அவர், பொறுக்கியது நான் என்பது தீர்ப்பு.

மாமல்லபுரத்தில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். காலை ஏழு மணிக்கு, வெள்ளைக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே, வளர்ந்த மனிதர்கள் நாலைந்து பேர் குனிந்த தலை நிமிராமல் புல்வெளியில் எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. இளநீர் விற்கும் ஆயா ஒருவர் மட்டும் கேட்டதே இல்லை. எங்களைக் கண்டாலே தன் கூடைக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஓட்டுச் சில்லுகளைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிடுவார்.

சில்லுகளில் தரம் உண்டு. நன்றாக வெந்த செங்கல் காகிதத்தைக் கீறுமே தவிர நிறம் விடாது. சூளையில் ஓரத்தில் இருந்து சரியாக வேகாமல் வந்த கல்தான் எங்களுக்கு வேண்டும். அது மெத்தென்று இழையும். நாட்டு ஓடு கொஞ்சம் மஞ்சள் கலந்த சிவப்பு, செங்கல் அடர் சிவப்பு. பழைய வீடு இடிக்கும் இடத்தில் காரைத் துண்டு கிடைத்தால் வெள்ளைக்கு ஆச்சு. இவற்றோடு சவுக்குக் கட்டையின் அடுப்புக்கரி, சிற்பக்கூடங்களின் வாசலில் குவிந்து கிடக்கும் சாம்பல் நிறக் கல்தூள். உண்மையில் இந்த ஐந்தாறு பொருளிலேயே ஒருவர் ஆயுசு முழுக்க வரையலாம். அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின, ஏனென்றால் நடுவில் பூ, இலை, பழம் என்று போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்களை உட்கார வைத்தது தபசுப் பாறையின் முன்னால். அர்ச்சுனன் தபசு என்பார்கள் ஒரு சாரார், பகீரதன் தபசு என்பார்கள் மறு சாரார். ஏறக்குறைய 90 அடி நீளத்துக்கு, பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு பெரும்பாறைகளின் மேல் பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. தேவர்கள், கின்னரர்கள், வேடர்கள், முனிவர்கள், சிங்கம், மான், குரங்கு என நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். சாலையோரமாகவே இருப்பதால் அப்போது டிக்கெட் கிடையாது, எதிரே உட்கார்ந்து எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓவியம் கற்கும் ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. எங்கே தொடங்குவது? பென்சில் கையில் இருந்தால் இடது மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் உருவமாக எண்ணி எண்ணி வரைந்துகொண்டே போவோம். மதியத்துக்குள் காகிதம் நிறைந்துவிடும், பாறை மட்டும் அதில் இருக்காது.

செங்கல் சில்லால் அப்படி எண்ண முடியாது. அதன் முனை கட்டைவிரல் அகலம். கண் இமையோ, கழுத்து மாலையோ, விரல் நகமோ அதற்குப் படியாது. படிவது எது? யானையின் முதுகு. பாறையின் வலப்பக்கம், தன் குட்டிகளைக் காலடியில் நிறுத்திக்கொண்டு நிற்கிறதே அந்தப் பெரிய யானை, ஏறக்குறைய நிஜ யானையின் அளவு. சில்லைப் படுக்க வைத்து ஒரே இழுப்பு இழுத்தால் அதன் முதுகும் பிட்டமும் வந்துவிடும். மாஸ்டர் சொன்னது அதைத்தான்: "கோடு போடாதே. எடை எங்க இறங்குதுன்னு பாரு." யானையின் எடை முன்கால்களில் இறங்குகிறது. கீழே ஓர் அழுத்து. வயிற்றுக்கடியில் குட்டிகள் நிற்கும் இருட்டுக்குப் புளியங்கரி. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கோடு போட்டாலும் யானை மெலிந்துவிடுகிறது.

வெளிச்சத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பாறை கடலைப் பார்த்த கிழக்கு முகம். காலையில் சூரியன் நேருக்கு நேர் அடிக்கும்போது உருவங்கள் தட்டையாகிவிடும். படம் பிடிக்கிறவர்கள் அந்த நேரத்தைத்தான் விரும்புவார்கள், எங்களுக்கு அது உதவாது. சூரியன் ஏற ஏற ஒவ்வொரு உருவத்துக்கும் அடியில் நிழல் கீழ்நோக்கி நீளத் தொடங்கும். பதினோரு மணியை ஒட்டி ஒரு நேரம் இருக்கிறது. துதிக்கை, தாடி, மடக்கிய முழங்கால் எல்லாம் பாறையை விட்டு வெளியே வந்து நிற்கும். அப்போது கவனித்தால் யானைக்கு விளிம்புக் கோடே இல்லை என்பது தெரியும். வெளிச்சம் எங்கே நிற்கிறதோ அங்கே யானை முடிகிறது. உச்சிவேளை தாண்டிய பிறகு பாறை முழுக்க நிழலுக்குள் போய்விடும். நாங்களும் சாப்பிடப் போய்விடுவோம்.

அந்தப் பதினோரு மணி வெளிச்சத்தில்தான் இரண்டு பாறைகளுக்கும் நடுவிலுள்ள பிளவை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பு பலமுறை பார்த்திருக்கிறேன். கங்கை இறங்குகிறது, நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள் என்று கைடுகள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வரையும்போது அது வேறாக இருந்தது. இரு புறமும் செங்கல் தேய்த்துக்கொண்டே வந்தேன், நடுவில் சில்லு போகவில்லை, காகிதம் வெறுமையாக நின்றது. நான் எதுவும் வரையாத அந்த இடம்தான் ஆறு. இரு பக்கத்து உருவங்களும் அந்த வெறுமையை நோக்கித்தான் நகர்கின்றன. தேவர் பறப்பது அதை நோக்கி, யானை நடப்பது அதை நோக்கி. சிற்பி அந்தப் பிளவை வெட்டவில்லை. அது அங்கே முன்பே இருந்தது. பாறையில் இருந்த குறை என்று வேறொருவன் ஒதுக்கியிருப்பான், அல்லது கல் வைத்து அடைத்திருப்பான். இவன் அதையே கதையின் நடுவாக வைத்துக்கொண்டான். மாஸ்டர் தேர்ந்தெடுத்த இடத்துக்கும் அவருடைய சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குப் புரிந்தது. அவரிடம் சொன்னபோது பெரிதாக வியக்கவில்லை. "அவனும் பொறுக்கினவன்தான்" என்றார்.

அவருக்கு இன்னொரு பல்லவக் கதையும் பிடிக்கும். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த ஒரு கோயில் இருக்கிறது. மும்மூர்த்திகளுக்கான இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் ஆக்கினேன் என்று அங்கே வடமொழியில் கல்வெட்டு வெட்டிவைத்திருக்கிறான். விசித்திரசித்தன் என்பது அவனுக்கு ஒரு பட்டப்பெயர், சித்திரகாரப்புலி என்பது இன்னொன்று. என்னென்ன வைத்துக் கட்டினேன் என்று பெருமை பேசிய ராஜாக்கள் எத்தனையோ பேர், என்னென்ன இல்லாமல் செய்தேன் என்று பெருமைப்பட்டவன் இவன். மாஸ்டருக்கு இவன் மேல் பிரியம் இருந்ததில் வியப்பில்லை. பின்னால், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு முருகன் கோயில் வெளிப்பட்டது. கல்கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். செங்கலை வேண்டாம் என்றவனின் வம்சத்து ஊருக்குப் பக்கத்தில் செங்கலே அடித்தளமாகக் கிடந்திருக்கிறது. செய்தியைப் பேப்பரில் படித்ததும் எனக்கு மாஸ்டர் நினைவுதான் வந்தது. செங்கல் சில்லுக்கு ஆதரவாக அவர் இதை எப்படிப் பேசியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

தபசுப் பாறையில் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது பூனை. மேலே எலும்பும் தோலுமான தவசி ஒற்றைக் காலில் நின்று கைகளை உயரத் தூக்கியிருக்கிறான். பக்கத்தில் வரம் கொடுக்கச் சிவன். கீழே, யானைக்கு முன்னால், ஒரு பூனை அதே தோரணையில் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். தவசி யார் என்ற அர்ச்சுனன்–பகீரதன் வழக்கு தீராமலே இருக்கட்டும், பூனை யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எலிகள் எங்கள் சில்லுக்கு அகப்படவில்லை. தையல்கார அக்காதான் வழி கண்டுபிடித்தார். சவுக்கு இலை ஒன்றைப் பல்லால் லேசாக நசுக்கி, விழுந்து நசுங்கிக் கிடந்த நாவல்பழத்தில் தோய்த்து, ஊசி பிடிக்கும் விரல்களால் எலிகளை வைத்தார். ஒவ்வோர் எலிக்கும் ஒரு தொடுகை, வாலுக்கு ஒரு இழுப்பு. ஊதா எலிகள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அக்கா நிமிர்ந்து, "பட்டன் காஜா எடுக்கிறதவிட இது சுளுவு" என்றார்.

அந்த ஊதாவைப் பார்த்துத்தான் எனக்குப் பூ, பழ ஆசை பிடித்தது. வாங்கிய வண்ணத்துக்கு ஈடாகக் கீழே கிடப்பதிலேயே எல்லா நிறமும் இருக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்பினேன். விடுதிச் சுவர்களுக்கு வெளியே காகிதப்பூ குவிந்து கிடக்கும். அதைக் கசக்கித் தேய்த்தால் கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம் வரும். செம்பருத்தி இதழ் காகிதத்தில் பட்டதும் சிவப்பை விட்டுவிட்டு நீலமும் ஊதாவுமாக மாறிக்கொள்ளும். சங்குப்பூ நல்ல நீலம், அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் இளஞ்சிவப்பு. எந்தப் பச்சை இலையைத் தேய்த்தாலும் பச்சை வரும். வரைந்த அன்று சாயங்காலம் எல்லாம் அற்புதமாக இருக்கும். அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்தால் காகிதப்பூ சோகையாக வெளுத்திருக்கும், பச்சையெல்லாம் பழுப்பாகியிருக்கும். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சி இருக்கிறதே, கன்றை நக்கிக்கொண்டே மடி கொடுக்கும் பசு, அதை நான் கொம்பு தவிர முழுக்க இந்தப் பூக்களால் வரைந்திருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் பசு போய்விட்டது. கரியால் போட்ட அதன் கொம்பு மட்டும் மிஞ்சியது.

மண்ணும் கல்லும் கரியும் நிற்கும், செடி நிற்காது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, எந்தக் கிராமத்துச் சுவரைப் பார்த்தாலும் தெரியும். எங்களுக்குக் கிடைத்த செடிகளில் நின்றது துவர்ப்பு ஒன்றுதான். கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் நனைத்த துணியின் மேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீரால் எழுதுவார்கள். எழுதும்போது வெளிறிய கோடு, காய்ந்தால் அழியாத கறுப்பு. எங்களுக்குக் கடுக்காய் கிடையாது, அது கடைச் சரக்கு. நான் சண்டை போட்டு வாங்கிய டீத்தூள் இங்கேதான் வேலைக்கு வந்தது. டீத்தண்ணீரைக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, கடற்கரையில் பொறுக்கிய துரு ஆணிகள் ஊறிய நீரால் அதன் மேல் எழுதினால், மெதுவாகச் சாம்பல் கறுப்பு ஊறி வரும். அந்தக் கோடு இன்றும் என்னிடம் அப்படியே இருக்கிறது. டீக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டுத் தன் டீயைப் பற்றிக் கவலைப்பட்டார்.

கல்தூள் கதை தனி. ஐந்து ரதம் போகும் சாலையின் இருபுறமும் சிற்பக்கூடங்கள். இன்று கட்டர் மெஷின் இரைச்சலில் பேசக்கூட முடியாது. அப்போது உளிச்சத்தம்தான் அதிகம். தூளை அள்ளிக்கொள்ள அனுமதி கேட்டுப் போன கூடத்தில் ஒரு சிற்பி, அரை ஆள் உயரக் கருங்கல்லில் செங்காவியால் குறி போட்டுக்கொண்டிருந்தார். காவியைத் தண்ணீரில் கரைத்து, நூலை அதில் நனைத்துக் கல்லின் மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். நேர்கோடு விழுந்தது. அதிலிருந்து அளந்து, நுனி நசுக்கிய மூங்கில் குச்சியால் உருவத்தை எழுதினார். "செதுக்கினா இந்தக் கோடு போயிடுமே" என்றேன். "போகணும். அதுக்குத்தானே போட்டது. மறுபடி போடுவோம், மறுபடி போகும்" என்றார் நிமிராமல். கல்லின் ஒவ்வொரு படலம் இறங்கும்போதும் காவி புதிதாக எழுதப்படுகிறது. அப்படியானால் ஒரு சிலைக்குள் எத்தனை ஓவியங்கள் கரைந்திருக்கின்றன!

ஊரில் முடிவடையாத குடைவரைகளைப் பார்த்தால் பல்லவர்களின் முறையும் தெரியும். பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடிழுத்து வெட்டி, நடுவில் புடைத்து நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். சில இடங்களில் அந்தக் கட்டங்கள் இன்னும் தட்டப்படாமல் நிற்கின்றன.

கல்தூளைச் சும்மா தேய்த்தால் ஒட்டாது. பிசின் வேண்டும். கருவேலம் பிசின் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பது அபூர்வம், வேப்பம் பிசின் கிடைக்கும். தண்ணீரில் இரவு ஊறவைத்தால் குழம்பாகும். தூளைச் சலிக்க அக்காவின் பழைய வாயில் துணி. தூரிகைக்குக் காய்ந்து விழுந்த பனை மட்டையின் துண்டு. அடிநுனியைக் கல்லால் தட்டினால் நார் பிரிந்து விசிறியாக நிற்கும், ஊரில் வெள்ளையடிப்பதே அதை வைத்துத்தான். இப்படிச் செய்த சாம்பல் வண்ணத்தால் கடற்கரைக் கோயிலை வரைந்ததில் எனக்கு இன்றும் ஒரு திருப்தி உண்டு. இந்த ஊர்க் கல்லையே அரைத்து இந்த ஊர்ச் சிலையை எழுதியதால் வந்த திருப்தி என்று சிலர் நினைக்கலாம். அது இல்லை. வண்ணம் சொரசொரவென்று இருந்ததுதான் காரணம்.

கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள சிலைகளை உப்புக்காற்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தின்றுகொண்டிருக்கிறது. மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளுக்கு முகம் இல்லை. சிங்கத்தின் பிடரிச் சுருள்கள் கரைந்து மேடு பள்ளமாக மட்டும் இருக்கின்றன. அலை தடுக்கக் கற்களைக் கொட்டி, காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். இருந்தும் போனது போனதுதான். பென்சிலால் வரைகிறவருக்கு இங்கே ஒரு சபலம் வரும். இல்லாத மூக்கை, இல்லாத சலங்கையைத் தானே சேர்த்து வரைந்துவிடுவார். பழைய அச்சுப் படங்கள் பலவற்றில் இந்த உபகாரம் நடந்திருக்கிறது. எங்கள் கல்தூள் குழம்புக்கு அந்தத் திறமை கிடையாது. மேடு என்றால் மேடு, பள்ளம் என்றால் பள்ளம். போதாததற்குக் கடற்காற்று மணலை வாரி ஈரப் பிசினின் மேல் அடிக்கும். தட்டிவிட்டால் வண்ணமும் சேர்ந்து போகும் என்பதால் அப்படியே விட்டுவிடுவோம். காய்ந்த பிறகு நந்தியின் முதுகைத் தடவினால் விரலுக்குக் கோயில் சுவர்போலவே இருக்கும். காற்று அங்கே கோயிலைத் தேய்க்கிறது, இங்கே படத்தில் மணலைச் சேர்க்கிறது.

சுவரைத் தடவுவது வேறு, அது கூடாது. பாலிடெக்னிக் பையன் ஒருநாள் மெல்லிய காகிதத்தைப் புடைப்புச் சிற்பத்தின் மேல் வைத்துக் கரியால் தேய்த்து அச்சு எடுக்கலாமே என்றான். அதைக் காவலர் கேட்பதற்கு முன்பே மாஸ்டர் கேட்டுவிட்டார். அவர் கோபப்பட்டுப் பார்த்தது அந்த ஒருமுறைதான். கரி கல்லின் துளைக்குள் இறங்கினால் வராது, பல பேர் கை பட்டுத்தான் யானைக்குட்டிகள் எண்ணெய்ப் பளபளப்பு ஏறிக் கிடக்கின்றன என்று பொரிந்து தள்ளினார். "தூர உக்காந்து பாக்கத் தெரியாதவனுக்குத்தான் தொடணும்னு தோணும்" என்று முடித்தார். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த இடம் என்பதெல்லாம் அவர் வாதத்தில் வரவே இல்லை. பையன் மூலையில் போய் உட்கார்ந்து, அன்று முழுக்க, தபசுப் பாறையின் அடியில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானை மட்டும் வரைந்தான். எங்கள் எல்லோருடைய படங்களிலும் அதுதான் உசத்தி என்பது என் அபிப்பிராயம்.

எங்களுக்குப் பெரிய தலைவலி, வரைந்ததைக் காப்பாற்றுவது. கரி உதிரும். கொழுப்பு நீக்கிய பாலைத் தெளித்தால் கரி பிடித்துக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, பூச்சி மருந்து அடிக்கும் பம்பைக் கழுவி அதில் பால் ஊற்றி அடித்தோம். பிடித்தது. ஆனால் வீடு முழுக்கப் புளித்த வாசனை. கஞ்சித் தண்ணீருக்கு மாறினால் கரப்பான்கள் வந்து யானையைச் சாப்பிட்டன. இன்சூரன்ஸ் ஏஜென்ட், வந்த வாரங்களில் ஒன்றில், படங்களை எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

திரும்பும் வழியில் சில வாரம் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போவோம். கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் நண்பர்களோடும் 1966இல் உண்டாக்கியது. பாட்டிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் அந்தக் கலைஞர்கள் நிலமும் வீடும் தேடிக்கொண்டார்கள். அங்கே மரத்தடியில் திறந்தவெளியில் நவீனச் சிற்பங்கள் நிற்கும். வாய், மூக்கு, ஆயுதம் என்று அடையாளம் தேட வேண்டியதில்லை, உருண்டையும் வெட்டும் ஓட்டையுமாகக் கருங்கற்கள். செங்கல் சில்லு வைத்திருப்பவனுக்கு அவை விருந்து. ஆனால் எனக்கு அங்கே சீக்கிரம் அலுத்துவிடும். சில்லு எளிதாகச் சொல்லிவிடுவதை வரைவதில் எனக்கு ருசி இல்லை. அது சொல்லத் திணறும் பூனையும் எலியும்தான் வேண்டியிருந்தது. மாஸ்டர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் அந்தக் கற்களின் முன்னால் மணிக்கணக்கில் உட்காருவார்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து வரைந்தது முடிவடையாத தபசு. பெரிய பாறைக்குத் தெற்கே, அதே குன்று வரிசையில், அதே கதையை இன்னொரு பாறையிலும் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். கூட்டம் அங்கே வராது. வருகிறவர்களும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரதங்களுக்குப் போய்விடுவார்கள். உருவங்கள் பாறைக்குள்ளிருந்து பாதி வந்திருக்கின்றன. சிலவற்றுக்குத் தோளும் தலையின் வளைவும் உண்டு, முகம் தொடங்கவே இல்லை. சில இடங்களில் உளித்தடம் மட்டும். ஏன் விட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: பாறை சரியில்லை, அரசன் மாறினான், இது பயிற்சிக்குச் செதுக்கியது. பையன் பயிற்சிக் கட்சி. அக்கா, கூலி பாக்கி வைத்திருப்பான் என்றார்.

எனக்கு அன்று கை நன்றாக ஓடியது. கல்தூளில் பாறையை நிரப்பி, வேகாத செங்கல்லால் உருவங்களை எழுப்பி, கரியை மிகக் குறைவாக வைத்து, அரை முகங்களை அரை முகங்களாகவே விட்டேன். வலது ஓரத்தில் கொஞ்சம் காகிதம் வெறுமையாக நின்றது. மாஸ்டர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த வெறுமையைக் காட்டிக் கேட்டார்: "இது அவன் விட்டதா, நீ விட்டதா?"

"அவன் விட்டதுதான் சார்" என்றேன்.

அவர் பாறையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி பாறையைப் பார்த்தார். "அந்தப் பக்கம் அவன் ஒரு யானையை ஆரம்பிச்சிருக்கான் பாரு. உனக்குப் பசி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு மெஸ்ஸைப் பார்த்து நடந்தார். மீன் குழம்பு தீர்ந்துவிடும் என்று அக்காவும் எழுந்தார். நான் சில்லைத் தேடி எடுத்து யானையை வைத்துவிட்டுப் போனபோது, மீன் குழம்பு தீர்ந்திருந்தது.